க்ரூகரில் காடியை நாமே ஓட்டுவதா, வழிகாட்டியோடு ஜீப்பில் ஏறுவதா?

சிப்புட் கூட்டாளி:
வணக்கம். நாங்கள் ஆறு பேர், சுங்கை சிப்புட்டில் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். ஒருவன் ஈப்போவில் வேலை, ஒருவன் சிங்கப்பூரில், மற்றவர்கள் இங்கேயேதான். வரும் ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்று முடிவு. ஜோஹனஸ்பர்க்கில் இறங்கி, வாடகைக் காடி எடுத்து, பூங்காவுக்குள்ளும் நாங்களே ஓட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது நான்கு பேரின் ஆசை. மற்ற இரண்டு பேர், "பைத்தியமா உங்களுக்கு? வழிகாட்டி வைத்துத் திறந்த ஜீப்பில் போவோம்" என்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் பேசிப் பேசி முகம் கோணியதுதான் மிச்சம். போய் வந்தவர்கள், காடு தெரிந்தவர்கள் யாராக இருந்தாலும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மைவி ராஜா:
நீங்களே ஓட்டுங்கள் தம்பி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங் வலப்பக்கம். பூங்காவின் பெரிய சாலைகள் தார். கிளைச் சாலைகள் மண் சாலைகள், ஆனால் மழையில்லாத மாதங்களில் நம் தோட்டத்துச் சாலைகளை விட நன்றாகவே இருக்கும். ஃபோர் வீல் தேவையில்லை. தாரில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண்ணில் 40, மீறினால் அபராதம். பெரிய முகாம்களில் பெட்ரோல் கிடைக்கும். அந்த நாட்டில் ஊழியர்தான் ஊற்றுவார், நாம் இறங்கிக் குழாயைப் பிடிக்க வேண்டியதில்லை.

கூண்டு வைத்த மிருகக்காட்சிசாலை என்று நினைத்துவிடாதீர்கள். ஏறக்குறைய 19,500 சதுர கிலோமீட்டர், அதாவது நம் பேராக் மாநிலத்தை விடக் கொஞ்சம்தான் சிறியது. வடக்கிலிருந்து தெற்கே 360 கிலோமீட்டர் நீளம். 1926-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், அடுத்த வருடமே காரில் வந்த பயணிகளை உள்ளே விட்டார்கள். அங்கே அதுதான் பழைய வழக்கம்.

நாங்கள் கூட்டாளிகளாகத்தான் போனோம். லோவர் சாபி முகாமுக்குப் பக்கத்தில் சன்செட் டேம் என்று ஒரு குளம் இருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு அதன் கரையில் காடியிலேயே உட்கார்ந்திருந்தோம். நீர்யானை கொட்டாவி விட்டது, முதலை அசையாமல் கிடந்தது, நாரை மீன் பிடித்தது. கிளம்பு என்று சொல்ல யாரும் இல்லை. ஜீப்பில் போயிருந்தால் பத்து நிமிடத்தில், "சரி, சிங்கம் பார்க்கப் போகலாம்" என்று இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

லோரி அண்ணன்:
நான் போனதில்லை, போகப் போவதும் இல்லை. ஆனால் கிரிக்–ஜெலி சாலையில் பல வருடமாக லோரி ஓட்டுகிறேன், யானையைப் பற்றிப் பேச அது போதும்.

1982-ல் காட்டை இரண்டாக வெட்டித் திறந்த சாலை அது. யானைகள் அதற்கு முன்பிருந்தே அந்த வழியில்தான் நடக்கின்றன. ராத்திரி வளைவில் திரும்பினால் சாலை நடுவில் கறுப்பாக ஒரு சுவர் நிற்கும். நான் தூரத்திலேயே நிறுத்தி, பெரிய விளக்கை அணைத்து, அது போகும் வரை காத்திருப்பேன். எனக்குப் பின்னால் வரும் காடியில் நான்கைந்து இளைஞர்கள் இருப்பார்கள். என்னை முந்திக்கொண்டு போய், ஹாரன் அடித்து, கண்ணாடியை இறக்கி, கைப்பேசியை வெளியே நீட்டுவார்கள். ஒருவன் "போதும்டா" என்பான், மற்றவன் "இன்னும் கிட்டப் போ" என்பான். கிட்டப் போகச் சொன்னவன் பேச்சுதான் எடுபடும். இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

இங்கேயே இப்படி என்றால் ஆப்பிரிக்க ஆண் யானை ஆறு டன் வரை இருக்கும். ஆறு கூட்டாளிகளை ஒரே காடியில் அடைத்து அதன் முன்னால் விடுவதா? வழிகாட்டி வையுங்கள்.

கிராணி மகள்:
லோரி அண்ணன் சொன்னதுதான் என் பயமும். நான் வழிகாட்டியோடு போனவள், அதற்காக வருத்தப்படவில்லை.

2024 ஜூலையில் பிலானெஸ்பெர்க் பூங்காவில் ஸ்பெயினிலிருந்து வந்த ஒருவர் யானைக் கூட்டத்தைப் படமெடுக்கக் காரை விட்டு இறங்கினார், யானைகள் அவரை மிதித்துக் கொன்றன. காரில் அவரோடு வந்தவர்கள் கண் முன்னாலேயே நடந்தது. 2015-ல் ஜோஹனஸ்பர்க் அருகே ஒரு சிங்கப் பூங்காவில், கண்ணாடி இறக்கியிருந்த காரில் இருந்த அமெரிக்கப் பெண்ணைச் சிங்கம் கடித்துக் கொன்றது. விதி எல்லாருக்கும் தெரியும்: இறங்காதே, சன்னலுக்கு வெளியே உடம்பை நீட்டாதே. பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால்தான் அந்த விதி ஞாபகத்தில் இருக்கும்.

இன்னொன்று, பார்க்கத் தெரிய வேண்டும். எங்கள் வழிகாட்டி வண்டியை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்தார். இம்பாலா மான்கள் எல்லாம் ஒரே திசையில் பார்த்தபடி மூக்கால் சீறிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அந்தப் புதரிலிருந்து சிறுத்தை வெளியே வந்தது. நானாக ஓட்டிப் போயிருந்தால், "ஓ, மறுபடியும் மான்" என்று தாண்டிப் போயிருப்பேன்.

மைவி ராஜா:
அக்கா, விபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. அதே 2024 மார்ச் கடைசியில் ஜாம்பியாவின் காஃபுவே பூங்காவில் ஒரு யானை சஃபாரி ஜீப்பையே துரத்திக் கவிழ்த்தது, ஓர் அமெரிக்கப் பயணி இறந்தார். ஓட்டியது வழிகாட்டிதான். பிலானெஸ்பெர்க்கில் இறந்தவர் யானையிடம் நடந்து போனவர். அதை வைத்துத் தானே ஓட்டுவது தப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்?

லோரி அண்ணன்:
ஆறு பேரில் ஒருவன் கதவைத் திறந்தால் மற்ற ஐந்து பேரும் அவன் சட்டையைப் பிடித்து இழுப்பார்களா, இல்லை "எனக்கும் ஒரு படம் எடு" என்பார்களா? அதைத்தான் கேட்கிறேன் ராஜா. யார் ஓட்டினார் என்பதைக் கேட்கவில்லை.

மைவி ராஜா:
அது உங்கள் கூட்டாளிகளைப் பொறுத்தது அண்ணே.

லோரி அண்ணன்:
நானும் அதைத்தான் சொல்கிறேன்.

பட்ஜெட் பாலா:
சிறுத்தையும் யானையும் இருக்கட்டும், காசு எங்கே? ஆறு பேர் ஒரு வேனைப் பங்கு போட்டால் ஆளுக்கு வருவது கொஞ்சம்தான். பூங்காவுக்கு வெளிநாட்டவர் ஆளுக்கு, நாளுக்கு என்று பாதுகாப்புக் கட்டணம் கட்ட வேண்டும், அது எப்படிப் போனாலும் உண்டு. ஸ்குகூசா, சத்தாரா போன்ற அரசு முகாம்களில் சமையலறையோடு ஆறு பேர் தங்கும் குடில் கிடைக்கும். மாலையில் வெளியே கரி அடுப்பில் இறைச்சி சுட்டுக்கொள்ளலாம். அக்கா போனது பக்கத்தில் இருக்கும் தனியார் காடாக இருந்தால், ஒரு ராத்திரிக்கு அவர்கள் வாங்குவதில் நாங்கள் முழுப் பயணத்தையே முடித்துவிடுவோம். ஒரு வெள்ளிக்கு நான்கு ராண்ட் கிடைத்தாலும் அங்கே டாலரில்தான் விலை சொல்வார்கள்.

கிராணி மகள்:
ஆமாம் பாலா, சாபி சாண்ட். அதற்கும் க்ரூகருக்கும் இடையே 1993-லிருந்து வேலி கிடையாது, விலங்குகளுக்கு இரண்டும் ஒரே காடு. சிறுத்தையைப் பார்த்தால் ஜீப் சாலையை விட்டு இறங்கிப் பின்னாலேயே போகலாம். க்ரூகருக்குள் சொந்தக் காரில் சாலையை விட்டு ஓர் அடி இறங்கக் கூடாது. விலை அதிகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் க்ரூகர் முகாம்களிலேயே பூங்கா ஊழியர் ஓட்டும் பெரிய திறந்த வண்டிகள் இருக்கின்றன, அவ்வளவு விலை இல்லை. வழிகாட்டி என்றதும் பணக்காரர் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம்.

கம்பத்துப் பையன்:
ஒரு சந்தேகம், யாரும் சிரிக்கக் கூடாது. காடியை விட்டு இறங்கக் கூடாது என்றால் ஒன்றுக்கு வந்தால் எங்கே போவது?

மைவி ராஜா:
நல்ல கேள்வி தம்பி, இதை யாரும் எழுத மாட்டார்கள். முகாம், வேலியில்லாத பிக்னிக் இடம், பறவை பார்க்கும் மறைவிடம் இப்படிச் சில இடங்களில் மட்டும்தான் இறங்க அனுமதி. எல்லா மறைவிடத்திலும் கழிப்பறை இருக்காது. வரைபடத்தில் 40 கிலோமீட்டர் என்று தெரிவது, நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டே போனால் இரண்டு மணி நேரம். வழியில் எருமைக் கூட்டம் சாலையைக் கடந்தால் மூன்று. விடியற்காலை தே தாரிக் இரண்டு குவளை குடிக்கிற ஆள் குழுவில் இருந்தால் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பிக்னிக் இடத்தில் பபூன் குரங்கு சாப்பாட்டைப் பறிக்கும், கையிலிருந்தே பிடுங்கும். பத்துமலைக் குரங்கைச் சமாளித்த அனுபவம் எல்லாம் அங்கே போதாது. பல் பெரியது.

லோரி அண்ணன்:
இவ்வளவு வெள்ளி செலவு செய்து ஒன்றுக்கு அடக்கிக்கொண்டு உட்கார ஆப்பிரிக்கா வரை போக வேண்டுமா? வீட்டிலிருந்து கோலகங்சார், லெங்கோங், கிரிக் என்று போனால் காலைச் சாப்பாடு செரிப்பதற்குள் பெலும் வந்துவிடும். சொந்த மாநிலத்துக் காட்டைப் பார்க்காதவன் அடுத்த கண்டத்துக் காட்டைப் பார்த்து என்ன செய்யப் போகிறான்?

கிராணி மகள்:
அண்ணே, இந்த இடத்தில் நான் ராஜா பக்கம். பெலும் வேறு, க்ரூகர் வேறு. ராயல் பெலும் 2007-ல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு, 1,17,500 ஹெக்டேர். அதற்குள் காடி போகாது. பாண்டிங் தீவில் படகு ஏறி, தெமெங்கோர் ஏரி வழியாகத்தான் போக வேண்டும், வழிகாட்டியும் அனுமதியும் வேண்டும். அடர்ந்த மழைக்காடு, பத்தடிக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று தெரியாது. யானைச் சாணமும் கரடி நகம் பட்ட மரமும் பார்க்கலாம். நம் நாட்டின் பத்து வகை இருவாட்சிகளும் அங்கே உண்டு, அதற்காகவே போகலாம். ஆனால் புலியைப் பார்ப்பேன் என்று யாரும் போக முடியாது. 2016-லிருந்து 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 150-க்கும் குறைவான மலாயாப் புலிகள்தான் மிஞ்சியிருப்பதாகத் தெரிந்தது.

க்ரூகர் புல்வெளியும் முள்மரமும். ஆகஸ்டில் மழை இருக்காது, புல் காய்ந்து தாழ்ந்திருக்கும், தண்ணீர் தேடி விலங்குகள் ஆற்றுக்கும் குளத்துக்கும் வந்துதான் ஆக வேண்டும். அதனால்தான் அங்கே காரில் உட்கார்ந்தபடியே பார்க்க முடிகிறது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று சொல்ல முடியாது.

லோரி அண்ணன்:
படகில் போங்கள் என்றுதானே சொல்கிறேன். 2025 மே மாதம் அன்னையர் தினத்தன்று அந்த நெடுஞ்சாலையில் ஒரு குட்டியை லோரி அடித்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். தாய் யானை அந்த லோரியின் முன்பக்கத்தில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. நாடே அந்தக் காணொளியைப் பார்த்து அழுதது. அடுத்த வாரமே அதே சாலையில் அதே வேகத்தில் என்னை முந்திக்கொண்டு போனார்கள். இங்கே 60-ல் ஓட்டத் தெரியாதவன் அங்கே 40-ல் ஓட்டுவான் என்று நம்பச் சொல்கிறீர்களா?

சிப்புட் கூட்டாளி:
அண்ணே, நாங்கள் அப்படி ஓட்டுகிறவர்கள் இல்லை. எங்களில் ஒருவன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான்!

லோரி அண்ணன்:
அவன் பெயரை முதலில் எழுதுங்கள்.

லாசா வாத்தியார்:
இளைஞர்கள் இவ்வளவு சூடாக எழுதுவதைப் பார்க்க மகிழ்ச்சி. எனக்கு மூன்றாவது கருத்து உண்டு. க்ரூகர்தான் வேண்டும் என்று யார் சொன்னது? தர்பனுக்குப் போங்கள்.

மதராசிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16-ல் அங்கே போய்ச் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் மக்களின் முதல் கப்பல் அது. நம் கொள்ளுத் தாத்தாக்கள் கித்தா வெட்ட இங்கே வந்த கதையும் அவர்கள் கரும்பு வெட்டப் போன கதையும் ஒரே கடற்கரையில் தொடங்கியவை. இன்றைக்கும் அங்கே முருகன் கோயில் உண்டு, தைப்பூசக் காவடி உண்டு. தமிழ் பேச்சில் குறைந்துவிட்டது, பெயரிலும் கோயிலிலும் நிற்கிறது.

தர்பனிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் ஓட்டினால் ஸ்லூஸ்லுவே–இம்ஃபலோசி பூங்கா. 1895-லேயே பாதுகாக்கப்பட்ட இடம். வெள்ளைக் காண்டாமிருகம் பூண்டோடு அழிய இருந்தபோது அதைக் காப்பாற்றி, பெருக்கி, க்ரூகர் உட்படப் பல இடங்களுக்கு அனுப்பியது அந்தப் பூங்காதான். க்ரூகரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான், சாதாரணக் காரில் நீங்களே ஓட்டலாம். மேடும் பள்ளமுமான பச்சைக் குன்றுகள். முதல் முறை போகிறவர்களுக்கு அந்த அளவே போதும் என்பது என் எண்ணம். கோயிலையும் பார்க்கலாம், காண்டாமிருகத்தையும் பார்க்கலாம்.

பட்ஜெட் பாலா:
வாத்தியார் ஐயா, நல்ல யோசனை. ஆனால் ஆறு பேரில் நான்கு பேராவது ஏற்கெனவே சிங்கத்தைக் கனவில் கண்டுவிட்டார்கள் போல. ஸ்லூஸ்லுவேயில் சிங்கம் உண்டுதான், புதரும் குன்றும் மறைப்பதால் கண்ணில் படுவது அவ்வளவு சுலபம் இல்லை என்றுதான் போனவர்கள் சொல்கிறார்கள்.

மைவி ராஜா:
ஐயா சொன்னதை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். க்ரூகரில் சத்தாரா பக்கம் எஸ் 100 என்று ஒரு மண் சாலை, சிங்கத்துக்குப் பேர்போனது. முகாம் கதவு திறந்ததும் முதல் ஆளாகப் போக வேண்டும்.

கிராணி மகள்:
கதவு என்றதும்தான் ஞாபகம், இதை ராஜா சொல்லவே இல்லை. சொந்தக் காரில் போனால் பொழுது சாய்வதற்குள் முகாமுக்குள் வந்துவிட வேண்டும். குளிர்காலத்தில் ஐந்தரை, ஆகஸ்ட் வாக்கில் ஆறு மணிக்குள் கதவைச் சாத்திவிடுவார்கள். தாமதமானால் அபராதம். கழுதைப்புலி, புனுகுப்பூனை, முள்ளம்பன்றி, வேட்டைக்குப் புறப்படும் சிங்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான் நடமாடும். அப்போது வெளியே போக ஒரே வழி பூங்கா வழிகாட்டியின் வண்டி. நீங்களே ஓட்டுகிறோம் என்று பிடிவாதம் பிடித்தால் பாதிக் காட்டைப் பார்க்காமல் திரும்புவீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்த இல்லை. பூங்காவுக்குள் இருப்பதை விட அங்கே போகும் சாலைதான் கவனிக்க வேண்டியது. 2022 அக்டோபரில் நும்பி நுழைவாயிலுக்குப் போகும் சாலையில் ஆயுதக் கொள்ளையர்கள் சுட்டதில் ஜெர்மானியப் பயணி ஒருவர் இறந்தார். ஜோஹனஸ்பர்க்கிலிருந்து பூங்கா 400 கிலோமீட்டருக்கு மேல். முதல் நாள் விமானத்தில் தூங்காமல் வந்து, அன்றைக்கே அந்தத் தூரத்தை ஓட்டி, இருட்டில் போய்ச் சேருவது வேண்டவே வேண்டாம்.

மைவி ராஜா:
இதை மறுக்கவில்லை அக்கா. நாங்கள் இறங்கிய அன்று விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டுக் காலையில் கிளம்பினோம். நெடுஞ்சாலையிலேயே மலெலேன் வாயில் வரை போய்விடலாம், நும்பிப் பக்கம் போக வேண்டிய தேவையே இல்லை. அவ்வளவு தூரம் ஓட்ட மனமில்லை என்றால் நெல்ஸ்ப்ரூட் பக்கம் இருக்கும் விமான நிலையத்துக்கே பறந்து அங்கே காடி எடுக்கலாம்.

ராத்திரி விஷயத்தில் அக்கா சொல்வது சரி. பகலில் சொந்தக் காடி, ஒரு மாலை பூங்கா வண்டி. இதில் என்ன முரண்பாடு? நான் என்ன சத்தியமா செய்து கொடுத்தேன், வழிகாட்டி முகத்தில் விழிக்க மாட்டேன் என்று?

லோரி அண்ணன்:
முதல் பதிலில் "யோசிக்க என்ன இருக்கிறது" என்று எழுதியது யார்?

மைவி ராஜா:
அண்ணே...

கம்பத்துப் பையன்:
இன்னொரு சந்தேகம். ஆறு பேரும் ஒரே வேனில் போனால் நடுவில் உட்காருகிறவனுக்கு என்ன தெரியும்?

கிராணி மகள்:
இதுதான் இந்த விவாதத்திலேயே சரியான கேள்வி. ஒன்றும் தெரியாது, முன்னால் இருப்பவன் பிடரிதான் தெரியும். ஓட்டுகிறவன் பாடு அதைவிட மோசம். சாலையைப் பார்க்க வேண்டும், எதிரில் சாலை நடுவில் நிற்கும் காரைப் பார்க்க வேண்டும், மேலே கிளையில் சிறுத்தை என்று பின்னால் கத்துகிறவனையும் கவனிக்க வேண்டும். திறந்த ஜீப்பில் இருக்கைகள் படிப்படியாக உயர்ந்திருக்கும், புல்லுக்கு மேலே கண் போகும், எல்லாருக்கும் ஒரே காட்சி.

பட்ஜெட் பாலா:
இரண்டு காடி எடுத்தால்? மூன்று மூன்று பேர், எல்லாருக்கும் சன்னல்.

லோரி அண்ணன்:
இரண்டு காடி என்றால் போட்டி. முன்னால் போனவன் பார்த்ததைப் பின்னால் வந்தவன் பார்த்திருக்க மாட்டான், ராத்திரி சாப்பாட்டில் அதுவே சண்டை. வேனே எடுங்கள். ஓட்டுகிறவனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, முகாமுக்குள் மட்டும், மாற்றுங்கள். நடு இருக்கையும் அதே முறையில் சுற்றி வர வேண்டும். யார் ஓட்டினாலும் அவர் பெயர் வாடகைப் பத்திரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இடித்தால் காப்புறுதி கிடைக்காது. சாலைப் போக்குவரத்து இலாகாவில் பன்னாட்டு உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள்.

யானை விஷயம் கேளுங்கள். நம்முடையதோ அவர்களுடையதோ, கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் மதநீர் ஒழுகி, பின்னங்கால் நனைந்திருக்கும் ஆண் யானையைப் பார்த்தால் நிற்காதீர்கள், அப்படியே பின்னால் எடுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் வண்டியை விடாதீர்கள். காதை விரித்துத் தலையை ஆட்டினால் அதற்கு நீங்கள் அங்கே இருப்பது பிடிக்கவில்லை. யானை பக்கத்தில் இருக்கும்போது எஞ்சினை அணைக்காதீர்கள். பின்னால் வேறு காடிகள் வந்து வழியை அடைத்துக்கொள்வதற்கு முன் விலகிவிட வேண்டும், அங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

லாசா வாத்தியார்:
போகாதே என்று தொடங்கியவர் எப்படிப் போவது என்று பாடம் நடத்துகிறார்!

லோரி அண்ணன்:
சார், இவர்கள் போகத்தான் போகிறார்கள். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கிராணி மகள்:
மருத்துவ விஷயம் ஒன்று. க்ரூகர் மலேரியா உள்ள பகுதி. ஆகஸ்டில் ஆபத்து குறைவுதான், ஆனாலும் போவதற்கு முன் மருத்துவரைப் பார்த்து மாத்திரை வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலேரியாவே வேண்டாம் என்றால் பிலானெஸ்பெர்க், அட்டோ போன்ற மலேரியா இல்லாத பூங்காக்களும் உண்டு, அங்கேயும் நீங்களே ஓட்டலாம். மலிவு டிக்கெட் என்று எத்தியோப்பியா போன்ற மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டில் இறங்கித் தங்கிப் போனால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். விடியற்காலை வண்டிக்குக் கம்பளி, குல்லா எல்லாம் வேண்டும். பத்து டிகிரிக்கும் கீழே போகும், கேமரன் மலைக்குக் கொண்டு போகிற சுவெட்டர் போதாது.

பட்ஜெட் பாலா:
முகாம்களின் வரவேற்பறையில் ஒரு பலகை இருக்குமாம், அன்றைக்கு எங்கே எது தெரிந்தது என்று வண்ண வண்ணக் காந்தப் பொத்தான் ஒட்டியிருப்பார்கள். வழிகாட்டியின் ரேடியோவுக்குப் பதில் நமக்கு அது போதாதா?

மைவி ராஜா:
போதும். காண்டாமிருகத்தை மட்டும் அதில் போட மாட்டார்கள், கொம்புக்காக வேட்டையாடுகிறவர்களும் அந்தப் பலகையைப் படிப்பார்கள். நீங்களும் பார்த்தால் இடத்தோடு முகநூலில் போட்டுவிடாதீர்கள்.

சிப்புட் கூட்டாளி:
எல்லாருக்கும் நன்றி. இந்தப் பதிவுகளை அப்படியே குழுவில் போட்டேன். நேற்று ராத்திரி மாமாக் கடையில் உட்கார்ந்து பேசினோம், சிங்கப்பூர்க்காரன் மட்டும் காணொளியில். முடிவு இதுதான்: வேன், பகலில் நாங்களே ஓட்டுகிறோம். ஒரு மாலை பூங்கா வண்டி, ஒரு காலை துப்பாக்கியோடு வரும் இரண்டு வழிகாட்டிகளுடன் நடைப்பயணம். அதில் எட்டுப் பேர் வரைதான் சேர்ப்பார்களாம், எங்களுக்குச் சரியாக இருக்கும். ஓட்டப் போவது மூன்று பேர். எதிர்த்த இரண்டு பேரும் ஒரே ஒரு நிபந்தனையில் ஒத்துக்கொண்டார்கள்: "போதும், கிளம்பு" என்று யார் ஒருவர் சொன்னாலும் கேள்வி கேட்காமல் வண்டியை எடுக்க வேண்டும். தர்பன் இந்த முறை இல்லை ஐயா, மன்னிக்கவும்.

கிராணி மகள்:
நிபந்தனை நல்லது. சிங்கத்தின் முன்னால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்ப்போம். முகாம் இடத்தை உடனே பதிவு செய்யுங்கள், நல்ல குடில்கள் பல மாதங்களுக்கு முன்பே போய்விடும்.

லோரி அண்ணன்:
மூன்று ஓட்டுநர்களில் எத்தனை பேர் பெரிய வேனைக் கண்ணாடி பார்த்து நேராகப் பின்னால் எடுப்பார்கள்? கேமராவை நம்பாமல், குறுகிய மண் சாலையில், ஐந்து பேர் கத்திக்கொண்டிருக்கும்போது?

சிப்புட் கூட்டாளி:
பேருந்து ஓட்டுகிறவன் எடுப்பான் அண்ணே. மற்ற இரண்டு பேர்... ஒருவன் சின்னக் காடிதான் ஓட்டியிருக்கிறான். இன்னொருவன் நான்.

லோரி அண்ணன்:
அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள். என் தம்பியிடம் பழைய வேன் இருக்கிறது. ஜாலோங் பக்கம் செம்பனைத் தோட்டச் சாலை அன்றைக்குக் காலியாகத்தான் இருக்கும், அனுமதி நான் கேட்டு வைக்கிறேன். இரண்டு பக்கமும் கால்வாய், நடுவில் செம்மண், இருநூறு மீட்டர் பின்னால் எடுக்க வேண்டும். கால்வாயில் விட்டவன் பெயரை வாடகைப் பத்திரத்தில் எழுதக் கூடாது.

மைவி ராஜா:
யானை வேடம் யார் போடுவது அண்ணே?

லோரி அண்ணன்:
நீதான். எட்டு மணிக்கு வந்து சேர்.

சிப்புட் கூட்டாளி:
நாங்கள் ஐந்து பேர் வருகிறோம். பெட்ரோல் எங்கள் செலவு.